கிராபிக்ஸ் கார்டு மாற்றும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆடிப்பெருக்கன்று புது ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிட்டால், சிவகாசியில் டிசைன் மேசைகளுக்கு மார்கழி வரை ஓய்வு கிடையாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் "கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது, நல்ல கிராபிக்ஸ் கார்டாக ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்று பலர் வருகிறார்கள். சீசன் நடுவே இந்த வேலையில் இறங்காதீர்கள். பத்து ஆண்டு ஓடிய கம்ப்யூட்டரில் கார்டு ஸ்லாட்டில் உட்காருவது வேறு, ஒழுங்காக வேலை செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவே, விண்டோஸும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் டிரைவர் என்னும் மென்பொருள் ஒன்று இருக்கிறது.

கார்டைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டதும் திரையில் படம் வந்துவிடும். ஆனால் ஐகான்கள் பூதாகரமாகத் தெரியும். பக்கத்தை நகர்த்தினால் பட்டை பட்டையாக நகரும். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்றிருக்கும். டிரைவர் ஏறவில்லை என்று பொருள். பழைய கார்டின் டிரைவர் மிச்சம் இருந்தால், டிடியு என்னும் இலவசக் கருவியால் அதைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றிப் பார்க்கலாம். அந்த விண்டோஸுக்கு டிரைவரே எழுதப்படவில்லை என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

உதாரணத்துக்கு, பழைய வகையான 32 பிட் விண்டோஸுக்கு டிரைவர் தருவதை, இந்தக் கார்டுகளின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் 2018-இல் நிறுத்திக்கொண்டது. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அதில் ஓடாது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக்கு விண்டோஸ் 7-இல் டிரைவர் கிடையாது. பழைய எழுத்துரு மென்பொருளும், அதைத் திறக்கச் செருகும் சாவியான டாங்கிளும் விண்டோஸ் 7-இல்தான் ஓடுகின்றன என்று அதை விடாமல் வைத்திருக்கும் அச்சகங்கள் இங்கே நிறையவே உண்டு. அது நியாயமான காரணம்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கார்டு தேடும்போது புதியதாகப் பார்த்து வாங்கக் கூடாது.

வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை ஜிபி?" என்றுதான் கேட்கிறார்கள். பெட்டியில் அந்த எண்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஜிடி 730-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் வந்த இந்தக் கார்டு ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்களோடு விற்பனையானது. ஒன்று ஃபெர்மி என்னும் பழைய தலைமுறைச் சிப், 96 கோர் (கணக்கிடும் அலகு). மற்றது அடுத்த தலைமுறையான கெப்ளர், 384 கோர். ஃபெர்மிக்குப் புதிய டிரைவர் வருவது 2018-இல் நின்றது, கெப்ளருக்கு 2021-இல். கெப்ளருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2024 வரை வந்துகொண்டிருந்தன. மெமரி 4 ஜிபி என்பதால் இந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. ஜிடி 1030-இலும் இதே குழப்பம் உண்டு: ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதில் நொடிக்கு 48 ஜிபி தரவு பாயும், டிடிஆர்4 உள்ளதில் சுமார் 17 ஜிபிதான். பெயர் ஒன்றே. ஜிடி 1030 இடம்பெறும் பாஸ்கல் தலைமுறைக்கும் 2025 அக்டோபரோடு வழக்கமான டிரைவர்கள் நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது.

ஆகவே எங்களிடம் கேட்க வேண்டியது, "இதற்கு இன்னும் எத்தனை நாள் டிரைவர் வரும்?" என்பது. மலிவாகக் கிடைக்கிறது என்று செகண்ட்ஹேண்ட் கார்டு வாங்குகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய ஃபெர்மி கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் ஒட்டி விற்பது நடக்கிறது. அப்படிப்பட்ட கார்டு சிக்கினால், பெயருக்கு முன்னால் 'போலி' என்றே அந்த மென்பொருள் ஆங்கிலத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளை பெட்டியிலிருந்து தனியாக 6 பின் வயர் வர வேண்டும். அந்த வயர் இல்லாத பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் மாற்றுக் கம்பி போட்டு ஒப்பேற்றித் தரச் சொல்கிறார்கள். அதை நாங்கள் செய்வதில்லை, மன்னிக்கவும். யூஇஎஃப்ஐ என்னும் புதிய வகைத் தொடக்க மென்பொருள் இல்லாத பழைய மதர்போர்டுகள் சில, புதிய கார்டைக் கண்டதும் ஃபேன் மட்டும் சுற்ற, திரை இருட்டாகவே நின்றுவிடும். இதைப் பொருத்திப் பார்த்தால்தான் தெரியும். ஜிடி 1030 முதலான கார்டுகளில் விஜிஏ வெளியீடு இல்லை. பழைய மானிட்டர் வைத்திருப்பவர்கள் கன்வெர்ட்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று. கோரல்டிராவில் காலண்டர் பக்கம் கட்டுகிறவருக்குக் கிராபிக்ஸ் கார்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றி, ரேமைக் கூட்டினாலே வேலை ஓடும். கார்டு கேட்டு வந்தவரிடம் இதைச் சொன்னால், ஸ்டாக் இல்லாததால் சமாளிக்கிறோம் என்று சிலர் நினைக்கிறார்கள். கார்டு இருக்கிறது. திருமண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர் கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தருவோம்.

வரும்போது கேபினட்டையே கொண்டுவந்துவிடுங்கள், மானிட்டர் தேவையில்லை. முடியாதவர்கள் மதர்போர்டின் பெயர், விண்டோஸ் எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, எஸ்எம்பிஎஸ் லேபிளின் படம் ஆகியவற்றை அனுப்பினால் போதும். கேபினட் ஒல்லியான வகை என்றால் அதையும் குறிப்பிடுங்கள், அதற்கு அரை உயரக் கார்டு வரவழைக்க வேண்டியிருக்கும். பொருத்திப் பார்த்து, டிரைவர் ஏறி, உங்கள் மென்பொருள் உங்கள் கண்முன் திறந்த பிறகே பில் போடுவோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்