கறுப்பு நுனி ஆலாவும் உன் சிவப்புப் புள்ளிகளும்

அன்புள்ள கோபாலு,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆடியில் பதில். திட்டித் தீர்த்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அத்தையின் கால்வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

சீனக் கொண்டை ஆலா என்ற அரிய கடற்பறவை எங்கெங்கே பதிவானது என்று நீ போட்டு அனுப்பின வரைபடம் பார்க்க அழகாக இருக்கிறது, அதுதான் வம்பே. இந்தோனேசியாவின் ஹல்மஹேராவிலிருந்து சீனாவின் ஷான்டோங் வரை எல்லாப் புள்ளியும் ஒரே சிவப்பு. 1937-ல் ஷான்டோங் கரையோரம் பிடித்த 21 பறவைகளுக்கு 21 புள்ளி வேறு! ஒரே ஆண்டு, ஒரே வட்டாரத்துத் தீவுத் திட்டுகள். ஒரு புள்ளி வைத்துப் பக்கத்தில் 21 என்று எழுது, போதும்.

பிறகு எல்லாவற்றையும் மூன்றாகப் பிரி: பாடம் செய்த பறவை கையில் இருப்பது, படம் இருப்பது, "பார்த்தேன்" என்ற வாய்ச்சொல் மட்டும் இருப்பது. மஞ்சள் ஆற்று முகத்துவாரத்தில் 1991-ல் பார்த்ததாகச் சொல்வது மூன்றாவது வகை. அதற்கு நிறம் நிரப்பாதே, வெற்று வட்டம் போடு. பெர்ன்ஸ்டைன் 1861-ல் ஹல்மஹேராவில் பிடித்தது முதல் வகைதான். அதை வைத்துத்தான் 1863-ல் பறவை அறிஞர் ஷ்லேகெல் 'பெர்ன்ஸ்டைனி' என்று பெயரே வைத்தார். ஆனால் அது வலசை போன இடம், முட்டையிட்ட இடமல்ல. தாய்லாந்து, சரவாக், பிலிப்பைன்ஸ் புள்ளிகளும் அப்படித்தான். பாடம் செய்த பறவையோடு கட்டியிருக்கும் லேபிளில் மாதம் இருந்தால் அதையும் சேர்த்து எழுது. மாதமில்லாத புள்ளியை நம்பி 'வாழிடம்' என்று கோடு இழுத்தால் கதை கெட்டது.

அடுத்த பொறி பெயர். ரைஷெனோவ் 1903-ல் இதே பறவைக்கு 'ஸிம்மர்மன்னி' என்று இன்னொரு பெயர் சூட்டிவிட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று மெஸ் விளக்கியது 1975-ல். எனவே அருங்காட்சியகப் பட்டியலில் 'பெர்ன்ஸ்டைனி'யை மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். ஊர்ப் பெயரும் அப்படியே: பழைய லேபிளில் கியாவ்ச்சோ என்றிருந்தால் இன்றைய சிங்தாவ் பக்கம் பார்.

வாய்ச்சொல் பதிவுகளை ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறேன் என்று கேட்பாய். தனுஷ்கோடியில் நீ செய்த 'கண்டுபிடிப்பு' மறந்துவிட்டதா? அலகைப் பார்த்தால்தானே பறவை! பெரிய கொண்டை ஆலாவுக்கு அலகு முழுக்க மஞ்சள். சிறிய கொண்டை ஆலாவுக்கு முழுக்க ஆரஞ்சு. சாண்ட்விச் ஆலாவுக்குக் கறுப்பு அலகு, மஞ்சள் நுனி. நம் சீனத்தாளுக்கு அது தலைகீழ்: ஆரஞ்சு கலந்த மஞ்சள் அலகு, நுனிப்பக்கம் மூன்றிலொரு பங்கு கறுப்பு, அந்தக் கறுப்பின் முனையில் ஒரு துளி வெள்ளை. முதுகு வெளிறிய சாம்பல். பக்கத்தில் பெரிய கொண்டை ஆலா நின்றால் அந்தப் பெரியதன் முதுகு அழுக்காகத் தெரியும். தனியாக நின்றால் இந்த ஒப்பீடு கிடையாது. எதிர்வெயிலில் எல்லா அலகு நுனியும் கறுப்புதான். குஞ்சுகளை நம்பவே நம்பாதே. போதாக்குறைக்கு இதுவும் பெரிய கொண்டை ஆலாவும் கலந்து பெற்ற கலப்புக்கள் வேறு இருக்கின்றன. அலகுநுனியில் கறுப்பு திட்டுத்திட்டாக இருந்தால் கையை எடுத்துவிடு.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது 1937-க்கும் 2000-க்கும் இடையில், அந்த 1991 வாய்ச்சொல்லைத் தவிர, நீ விட்டிருக்கும் வெள்ளை இடம். அந்த 63 ஆண்டும் பறவை இல்லையென்றா அர்த்தம்? சீனாவின் ஃபூஜியன் கரைக்கு எதிரே, தைவான் வசம் இருக்கும் மாட்சுத் தீவுகள் 1992 வரை ராணுவ நிர்வாகத்தில் இருந்தன. யார் போய்த் தேடியிருப்பார்கள்? 2000-ல் அங்கே பெரிய கொண்டை ஆலாக்களைப் படமெடுக்கும்போதுதான் நடுவே நான்கு ஜோடி சிக்கின. அங்கே 'இல்லை' என்று எழுதாதே, 'தேடவில்லை' என்று எழுது. இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடு.

2000-க்குப் பிறகு உன் வேலை சுலபம்: 2004-ல் சீனாவின் ஜேஜியாங் மாகாணத்து ஜியுஷான் தீவுகளில் கூட்டம் கிடைத்தது, பிறகு வூஜிஷான் தீவுகளில். ஜியுஷானில் முட்டை திருடி அந்தப் பறவைக் கூட்டத்தையே விரட்டினார்கள், பாவிகள். 2013-ல் அதே ஜியுஷான் தீவுக்கூட்டத்துத் தியெதுன் தீவில் 300 பொம்மை ஆலாக்களை நட்டு, குரலை ஒலிபெருக்கியில் போட்டுத் திரும்ப வரவழைத்தார்கள். இப்படி அழைத்து வந்த கூட்டத்தை இயல்பான பதிவோடு கலக்காதே; ஓரத்தில் 'பொம்மை' என்று ஒரு குறி போடு.

வரைபடத்தைத் திருத்தி அனுப்பும்போது லேபிள் படங்களையும் பெரிதாக்கி அனுப்பு, போன தடவை மாதிரி நகம் அளவில் வேண்டாம். உன் கையெழுத்தைப் படிக்கவே எனக்குத் தனிக் கண்ணாடி வேண்டியிருக்கிறது.

உன்,
சுந்தரம்