பாப்பாவுக்கு, ஞாயித்துக்கிழமை வகுப்பு பத்தி

அன்புள்ள பாப்பா,

நல்லா இருக்கியா, மாப்பிள்ளை நல்லா இருக்காரா. நேத்து ராத்திரி நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன். ஆஸ்திரேலியாவுல, உங்க பெர்த்ல ஏதோ ஸ்கூல் ஹால வாடகைக்கு எடுத்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பூஜை, பஜனை, பிள்ளைங்களுக்கு வகுப்பு எல்லாம் நடத்துறாங்க, குட்டிப்பயல சேத்துவிட்டேன், மூணாவது தடவையே கார விட்டு எறங்கமாட்டேன்னு அழுவுறான், விட்டுறவாம்மான்னு கேட்டிருந்த. ரெண்டு வரில பதில் டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சிட்டேன். வாட்ஸ்அப்ல முடியிற விஷயம் இல்ல இது. அதான் இப்ப சாவகாசமா உக்காந்து எழுதுறேன், உங்கப்பா வேற டிவி சத்தத்த கொறைக்கமாட்டேங்குறாரு, தப்புத்தண்டா இருந்தா கண்டுக்காத.

அவன் அழுவுறான்னு நீ சொன்னப்ப எனக்கு அவன் மொகம் ஞாபகம் வரல, உன் மொகம்தான் வந்துச்சு. இங்க சிங்கப்பூர்ல பிரைமரி ஃபோர், நாலாம் வகுப்புல இருந்த. ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு கோயில்ல தேவார வகுப்பு, பாவாடை சட்டை போட்டு, தலைல மல்லி வச்சு, ரெண்டு பஸ் மாறி கூட்டிட்டு போவேன், உன்ன மேல மாடிக்கு அனுப்பிட்டு நான் கீழ கிச்சன்ல காய் நறுக்க உக்காந்துடுவேன். அன்னைக்கு அந்த டீச்சர் உனக்கு ழகரம் வரலைன்னு எல்லாருக்கும் முன்னாடி நிக்கவச்சு ஒரே வரிய திருப்பி திருப்பி சொல்லவச்சாங்க, மத்த பிள்ளைங்க சிரிச்சுதுங்க, நீ அழுதுகிட்டே படி எறங்கி ஓடிவந்து என் முந்தானைய புடிச்சுகிட்ட. நான் என்ன பண்ணேன்? கைல இருந்த பூசணிக்காய வச்சுட்டு உன்ன தரதரன்னு இழுத்துட்டு போயி அதே எடத்துல உக்காரவச்சேன். அந்தம்மாகிட்ட ஏன் இப்படின்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டா கிச்சன்ல இருக்குற மத்தவங்க என்ன நெனப்பாங்கன்னு பயம். உனக்கு இது ஞாபகம் இருக்கான்னு தெரியாது, இருக்கும்னுதான் நெனைக்கிறேன். எனக்கு இருக்கு.

அப்பறம் ரெண்டு வருஷம் வந்த, வந்தேன்னு பேரு. ஆறாம் வகுப்பு பிஎஸ்எல்இ பரீட்சைன்னு சாக்கு சொல்லி நின்னவ திரும்பி அந்தப் பக்கமே போகல. ஆனா தைப்பூசத்துக்கு மட்டும் ஒரு வருஷம் விட்டதில்ல, பாத்துக்க. அப்பா காவடி எடுத்தா பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் தண்ணி பாட்டிலும் சின்ன ஸ்டூலும் தூக்கிட்டு பின்னாடியே நடந்துவருவ, காலு கொப்புளிச்சாலும் வாய தொறக்கமாட்ட. வகுப்புக்கு வராத பொண்ணு இதுக்கு மட்டும் எப்படி வருதுன்னு அப்ப நான் யோசிக்கல. இப்பதான் யோசிக்கிறேன், அதுக்கு காரணம் இருக்கு.

சொன்னா சிரிப்ப. நான் இப்ப அந்த ஞாயித்துக்கிழமை வகுப்புல ஸ்டூடண்ட். ரிட்டயர் ஆன பெறகு தேவாரம் கத்துக்கலாம்னு ஆசை, பெரியவங்க வகுப்பு புதன்கிழமை ராத்திரி, எனக்கு முட்டிக்கு பிசியோவும் அன்னைக்குதான், சரின்னு பிள்ளைங்க வகுப்புலயே பின்னாடி ஒரு நாற்காலி போட்டுக்கவான்னு கேட்டேன், விட்டுட்டாங்க. இப்ப இருக்குற டீச்சருக்கு உன் வயசுதான் இருக்கும், வாரத்துல பேங்க் வேலை, ஞாயிறு ஆனா இங்க. என் பக்கத்துல எட்டு வயசு பையன் ஒருத்தன், எனக்கு பக்கம் நம்பர் காட்டுறது அவன்தான். மொத நாளே வாழ்கன்னு வரவேண்டிய எடத்துல நான் வால்கன்னு பாடியிருக்கேன் போல, அவன் திரும்பி, பாட்டி, குரங்கு வாலான்னு கேட்டான். வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், ஆனா காது ரெண்டும் சூடாயிடுச்சு பாப்பா. அறுவத்தஞ்சு வயசுல எனக்கே இப்படின்னா பத்து வயசுல உனக்கு எப்படி இருந்திருக்கும். வீட்டுக்கு வர்ற வழியில எம்ஆர்டி ரயில்ல உக்காந்து அதையேதான் நெனச்சிட்டு வந்தேன், எறங்கவேண்டிய ஸ்டேஷன விட்டுட்டேன்.

சரி, வகுப்புக்கு வர்றேன். தேவாரத்துல பதிகத்துக்கு பதிகம் பண் மாறும்னு இத்தன வருஷம் எனக்கு தெரியாது, நாங்க வெள்ளிக்கிழமை கும்பல் எல்லாத்தையும் ஒரே மெட்டுல இழுத்துட்டு இருந்தோம், பாவம் சாமி. போன மாசம் நாயன்மார் கதை. சம்பந்தர் மூணு வயசுல பாடினாருன்னதும் பிள்ளைங்களுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, யூடியூப்ல இதவிட சின்னதெல்லாம் பாடுதுன்னு ஒரு பொண்ணு சொல்லுது. ஆனா அப்பர் படத்த காட்டினப்ப ஒருத்தன் கைய தூக்கினான், இந்த தாத்தா கைல ஏன் சங்கல் இருக்குன்னான். ஆமா, கட்டடத்துல மண்ணு அள்ளுற மண்வெட்டி, அந்த சங்கல்தான் அவனுக்கு தெரிஞ்சது. டீச்சர் சொன்னாங்க, அது உழவாரம், கோயில் பிரகாரத்துல மொளச்ச புல்லு பூண்டெல்லாம் செதுக்குறதுக்கு, அவரு ஊர் ஊரா போயி பாட்டு மட்டும் பாடல, கோயில சுத்தமும் பண்ணிட்டே போனாருன்னு. அவ்வளவு பாட்டு பாடினவருக்கு செல வைக்கிறப்ப கைல ஏட்ட வைக்கல, அந்த உழவாரத்ததான் வச்சிருக்காங்க பாரு. எனக்கு அப்பதான் உன் தண்ணி பாட்டில் ஞாபகம் வந்துச்சு.

உனக்கு தைப்பூசத்துல வேலை இருந்துச்சு. வகுப்புல உக்காந்து திட்டு வாங்குறத தவிர உனக்கு வேற வேலை இல்ல. இதான் நான் சொல்லவந்தது, சுத்தி வளைச்சு வந்துட்டேன்.

நான் இத்தன வருஷம் கோயில விட்டு போகாததுக்கு காரணம் பக்தின்னு சொன்னா பொய்யாயிடும், கிச்சன்தான். அருவாமனைக்கு முன்னாடி உக்காந்தா நம்ம இல்லாட்டி சாம்பார் இல்லைன்னு ஒரு நெனப்பு. சண்டையும் அங்கதான், அது வேற விஷயம், யாரு பெரிய அண்டாவ எங்க கவுத்துவச்சதுன்னு நாலு மாசம் பேசாம இருந்த ஆளுங்க எல்லாம் உண்டு, நானும் அதுல ஒருத்தி. இப்ப ஞாயித்துக்கிழமைல ஊர்லேர்ந்து வேலைக்கு வந்த தம்பிங்க நெறைய வராங்க, ஷிப்யார்டு, கட்டடம்னு வாரம் பூரா ஒழச்சுட்டு லீவு ஒரு நாளு, அதையும் வந்து சாமி கும்பிட்டு பசியாறிட்டு சும்மா போகாம அண்டா கழுவிட்டு போறாங்க. சீர்காழி பக்கத்து பையன் ஒருத்தன் பாத்திரம் தேச்சுகிட்டே பாடுவான் பாரு, ஒரு நாளு டீச்சர் மாடியிலேர்ந்து எறங்கி வந்து படிக்கட்டுலயே நின்னு கேட்டாங்க, எங்க கத்துகிட்டீங்கன்னு கேட்டா, எங்க அப்பாயி மாடு கறக்குறப்ப பாடும் டீச்சர்ங்குறான். அவனுக்கு புஸ்தகத்த குடுத்தா எழுத்துக்கூட்டிதான் படிப்பான்.

கோவிட் வந்து 2020 ஏப்ரல்ல சர்க்கிட் பிரேக்கர்னு ஊரடங்கு போட்டப்ப வகுப்பு எல்லாம் ஸூம்லதான் நடந்துச்சு, இருவது பேரு பாடினா இருவது பேரும் வேற வேற வரில இருப்பாங்க, காதுல ஈயத்த காச்சி ஊத்தின மாதிரி இருக்கும். ஆனாலும் பாட்டு நின்னுபோகல. நின்னுபோனது கிச்சன்தான், அப்பதான் எனக்கு வீட்டுல கைய கட்டிபோட்ட மாதிரி இருந்துச்சு. அடுத்த வருஷம் 2021 தைப்பூசத்துக்கு நடைபயணம் கெடையாது, நேரம் புக் பண்ணிட்டு டேங்க் ரோடு போனா பால்குடம் அங்கயே ரெடியா இருக்கும்னாங்க. உங்கப்பா போயிட்டு வந்து, நடக்காம என்னடி தைப்பூசம்னு ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வச்சுகிட்டாரு.

இன்னொன்னும் சொன்ன இல்ல, அது ஸ்கூல் ஹாலும்மா, பேஸ்கட்பால் கோடு எல்லாம் தரையில தெரியுது, கோயில் மாதிரியே இல்லைன்னு. ஏண்டி, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827ல மரமும் அத்தாப்பு ஓலையும் வச்சு ஆரம்பிச்சதுதானே. நாராயண பிள்ளை, இங்க துறைமுகம் ஆரம்பிச்ச வெள்ளைக்கார துரை ராஃபிள்ஸ் கூட வந்தவரு, அவரு ஆரம்பிச்சாரு. அந்தக் காலத்துல கப்பல்ல வந்து எறங்கின ஆளுங்க வேலை கெடைக்கிறவரைக்கும் அங்கதான் தங்குவாங்களாம், கல்யாணமும் அங்கதான். கோபுரம் எல்லாம் அப்பறம் வந்தது. இன்னைக்கு அது நேஷனல் மானுமெண்ட், 2023 பிப்ரவரி கும்பாபிஷேகத்துக்கு எவ்வளவு கூட்டம், நின்னு நின்னு எனக்கு முட்டி போச்சு. உங்க ஹாலுக்கு கோடு இருந்தா இருந்துட்டு போகுது, பிள்ளைங்கள வரிசையா உக்காரவைக்க சவுரியம்தானே.

அதனால நான் சொல்றத கேளு. ஒரு ரெண்டு மூணு மாசம் அவன வகுப்புல உக்காரவைக்காத. விட்டுறவும் செய்யாத, வீட்டுலயே இருந்துட்டா பழகிடும், அப்பறம் எழுப்பவே முடியாது, ஞாயித்துக்கிழமை தூக்கம் அப்படி. அரை மணி நேரம் முன்னாடியே போ. அங்க இருக்குற பெரியவங்ககிட்ட சொல்லி அவனுக்குன்னு ஒரு வேலைய வாங்கிக்குடு, பாய் விரிக்கிறது, செருப்ப வரிசையா வைக்கிறது, பூவ தட்டுல அடுக்குறது, விபூதி தட்டு புடிச்சுட்டு நிக்கிறது. அவனுக்கு செருப்புதான் புடிக்கும் பாரு, போன தடவ இங்க வந்தப்ப நம்ம வீட்டு வாசல்ல இருந்ததையே சைஸ் வாரியா அடுக்கினவன் ஆச்சே. நீ பக்கத்துல நின்னு சரியா வையின்னு சொல்லாத, அதான் முக்கியம், கோணலா வச்சா கோணலாவே இருக்கட்டும். பாட்டு தானா காதுல விழும். நீ எனக்கு பொறந்தவதானே, உனக்கு இது கஷ்டமாதான் இருக்கும்.

டீச்சர் யாராவது எல்லாருக்கும் முன்னாடி அவன நிக்கவச்சா, நீ கைல எத வச்சிருந்தாலும் கீழ வச்சுட்டு மேல போயி கேளு. மரியாதையா கேளு, ஆனா கேளு. நான் கேக்காம விட்டுட்டேன். அது தப்பு பாப்பா. முப்பது வருஷம் கழிச்சு சொல்றேன், கோவிச்சுக்காத.

குட்டிப்பயலுக்கு கத வேணும்னா ஒண்ணு வச்சிருக்கேன். பார்ட்லி ரோடு ராமகிருஷ்ணா மிஷன்ல ஒரு சொற்பொழிவுக்கு போயிருந்தேன், அங்க கேட்டது. விவேகானந்தர் 1893ல சிகாகோ போறப்ப கப்பல்ல சிங்கப்பூருக்கும் வந்துட்டுதான் போயிருக்காரு. பொட்டானிக் கார்டன சுத்திபாத்துட்டு பனை வகை மரங்கள பத்தி லெட்டர்ல எழுதினாராம், இங்க மங்குஸ்தீன் மெட்ராஸ்ல மாம்பழம் மாதிரி அவ்வளவு கெடைக்குதாம், ஆனா மாம்பழத்துக்கு ஈடு இல்லைன்னுட்டாராம். உங்கப்பாகிட்ட சொன்னேன், சரியாதான் சொல்லியிருக்காருன்னாரு, ரெண்டுல எத வாங்கினாலும் முழுசா தின்னுடுற ஆளு.

டிசம்பர்ல டிக்கெட் போட்டாச்சு. கறிவேப்பிலை கேட்டிருந்த, உங்க ஏர்போர்ட்ல புடுங்கிடுவான், அது முடியாது. லிட்டில் இந்தியா தேக்காவுல அருவாமனை ஒண்ணு பாத்துவச்சிருக்கேன், சின்னது, அத லக்கேஜ்ல போட்டு எடுத்துட்டு வர்றேன், நீங்க கத்திய வச்சு நறுக்குற பீன்ஸ பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. நான் வர்ற ஞாயித்துக்கிழமை உங்க ஹால்ல கிச்சன் இருக்கான்னு கேட்டுவையி.

ரெண்டு ஊருக்கும் ஒரே மணிதானே, இந்த ஞாயித்துக்கிழமை வகுப்பு முடிஞ்சதும் பதினொண்ணரைக்கு கூப்புடுறேன். அவன்கிட்ட போன குடு. பாட்டிக்கும் வால் மொளைச்சுதுன்னு அவன்கிட்ட சொல்லணும்.

அம்மா