காசெட் அட்டையின் பின்பக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் பக்திப் பாட்டு ஆல்பம் போடும் கோயில் கமிட்டியாருக்கும் தமிழ்ச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

1984ல் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்று காவடிப் பாட்டு காசெட் வெளியிட்டது. அதில் மிருதங்கம் என் மாமா. அந்த காசெட்டை இப்போது ஸ்பாட்டிஃபையில் ஏற்றப் போகிறார்கள் என்றதும் ரொம்பச் சந்தோஷப்பட்டேன், நிரப்பி வைத்திருந்த படிவத்தைப் பார்க்கும் வரை. பத்துப் பாட்டுக்கும் எழுதியவர் 'பாரம்பரியம்'. பாடியவர், வாசித்தவர் எல்லாமே கோயில் பெயர்தான்.

அதில் இரண்டு திருப்புகழ். அருணகிரிநாதருக்கே அங்கே பெயர் இல்லை! சரி, அவருக்கு ராயல்டி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டை எழுதியவர் எங்கள் தமிழ் வாத்தியார். சனிக்கிழமை வகுப்பில் கரும்பலகையில் எழுதுவார், மெட்டுக்கு ஒத்துவராத சொல்லை உள்ளங்கையாலேயே அழித்து வேறு சொல் போடுவார். எழுத்துக்கூட்டத் திணறிய எங்களுக்காக அதையே ஆங்கில எழுத்திலும் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் கோரஸ் பெண்கள் பாடினார்கள். அது எப்படிப் பாரம்பரியம் ஆகும்?

தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. அந்த காசெட்டுக்கு 2034 கடைசி வரை இருக்கிறது. பதிவுக்கு ஏற்பாடு செய்த கமிட்டிக்கு அது சேரும் என்றே வைத்துக்கொள்வோம். பாட்டு வரிகளின் உரிமை வேறு. எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை அது அவர் குடும்பத்துக்கு. வானொலியில் பாட்டு போனால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சாம்ரோ என்ற ராயல்டி வசூல் அமைப்பு வழியாகவும், பாடி வாசித்தவர்களுக்கு சாம்ப்ரா என்ற இன்னொரு அமைப்பு வழியாகவும் பணம் வர வேண்டும். பெயரே பதியாவிட்டால் யாருக்கு அனுப்புவார்கள்? காசு ஒன்றும் பெரிதாக வராது, தெரியும். மாமா அன்று வாங்கியதே ஒரு தட்டுப் பிரியாணிதான்.

காசெட்டின் முன் அட்டையில் முருகன் படம், தலைவர், செயலாளர், பொருளாளர் தொடங்கிப் பதினோரு கமிட்டிப் பெயர்கள், பணம் கொடுத்த பர்னிச்சர் கடையின் விளம்பரம். வாசித்தவர் ஒருவர் பெயர்கூட இல்லை. மாமா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை மடித்துத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் தானே எழுதி வைத்துக்கொண்டார்: ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், கோரஸ் ஏழு பேர், பாட்டுக்கு நேராக வாத்தியார் பெயர். போன மாதம் அவர் அலமாரியை ஒழிக்கும்போதுதான் அது என் கைக்கு வந்தது.

உங்களிடமும் பழைய காசெட்டுகள் இருக்கும். ஏற்றுவதற்கு முன்னால் வாசித்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைக் கூப்பிட்டு, பாட்டைப் போட்டுக் காட்டி, யார் யார் என்று கேளுங்கள். எழுதியவர் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டு, அதை எழுத்திலும் வாங்கிவிடுங்கள். அப்புறம் படிவத்தை நிரப்பலாம். புது ஆல்பம் என்றால் இன்னும் சுலபம், ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எல்லாப் பெயரையும் எழுதி வாங்கிவிடலாம். கமிட்டிப் பெயர்களும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் கோயில் கமிட்டிக்கு மட்டும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்ததும் அட்டையைக் கொண்டு வருகிறேன். படிவத்தை அதுவரை அனுப்பாதீர்கள். மூக்குக் கண்ணாடி மறக்க வேண்டாம், பென்சில் எழுத்து ரொம்ப மங்கிவிட்டது.