மருந்து அடிக்கிறவர் முதலில் டார்ச் அடிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் 'ஒரே நாளில் பூச்சி ஒழிப்பு, வாசனையே வராது, முழுக்க முழுக்க மூலிகை' என்கிற மாதிரி விளம்பரங்கள் வருவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அப்படி ஒன்றை நம்பிப் போன் செய்து ஏமாந்தவன் நான்.

சமையலறையில் கரப்பான் தொல்லை. முதுகில் கேனோடு ஒருவர் வந்தார். எங்கே பார்த்தீர்கள், சின்னதா பெரியதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, பத்தே நிமிடத்தில் வீடு முழுக்கச் சுவர் ஓரமாக அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன மருந்து என்று கேட்டதற்கு "மூலிகை சார், குழந்தைக்கே ஒன்றும் ஆகாது" என்றார். மறுநாள் காலையில் தொட்டியில் மீன்கள் செத்து மிதந்தன. கரப்பான்களோ மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டன, இந்த முறை படுக்கையறைக்கும் சேர்த்து.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். சாமந்திக்கு உறவான ஒரு வெள்ளைப் பூவிலிருந்து எடுக்கிற பைரித்ரின் மூலிகைதான், யார் இல்லை என்றது? ஆனால் அதுவும், அதை அடியொற்றி ஆலையில் செய்கிற பைரித்ராய்டு மருந்துகளும் மீனுக்குக் கொடிய விஷம். அந்த வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் பூனைக்கும் ஆகாது, அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. ஆகவே மூலிகையா என்று கேட்காதீர்கள், மருந்தின் பெயர் என்ன, அதன் லேபிளைக் காட்ட முடியுமா, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். தொட்டியை மூடச் சொல்லி, காற்று மோட்டாரை நிறுத்தச் சொல்லி அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் மீன்கள் பிழைத்திருக்கும்.

இரண்டாவதாகக் கூப்பிட்டவர் முதல் நாள் மருந்தே எடுத்து வரவில்லை. டார்ச்சோடு வந்து ஃபிரிட்ஜை நகர்த்தினார், அலமாரிக் கதவின் கீல்களை எட்டிப் பார்த்தார், கழுத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருந்த ஒரு பூச்சியைப் பிடித்துக் காட்டி, இது ஜெர்மன் கரப்பான், சாக்கடையிலிருந்து வருகிற பெரிய வகை இல்லை, வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துவது என்றார். பெண் பூச்சி 30, 40 முட்டை உள்ள பையைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை சுமந்துகொண்டே திரியும், அந்தப் பைக்குள் ஸ்பிரே இறங்காது. முதல் ஆள் அடித்தும் மூன்று வாரத்தில் திரும்பி வந்த ரகசியம் இதுதான். இவர் ஸ்பிரேயைத் தொடவில்லை, இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக ஜெல், அதாவது இனிப்பு இரையில் விஷம் கலந்த பசை, வைத்தார். தின்ற பூச்சி பொந்துக்குப் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று மற்றவையும் சாகும். ஜெல்லின்மேல் கடையில் வாங்கிய ஸ்பிரேயை அடித்தால் பூச்சி அந்தப் பக்கமே வராது என்று எச்சரித்துவிட்டும் போனார். குளுக்கோஸ் என்கிற சர்க்கரையை வெறுத்து, அது கலந்த இரையைத் தின்ன மறுக்கும் ஜெர்மன் கரப்பான்கள் உண்டு என்று 1993-லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஒரு ஜெல் பலிக்காவிட்டால் வேறு ஜெல்லுக்கு மாறுவீர்களா என்றும் கேட்டுவையுங்கள்.

எனக்கும் வேலை கொடுத்தார் மனிதர். அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடு, ஒழுகும் குழாயைச் சரிசெய் என்றார். காசும் கொடுத்து வேலையும் நானே செய்யணுமா என்று அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மற்ற பூச்சிகளிலும் ஆளை எடைபோட வழி இருக்கிறது. மூட்டைப்பூச்சியை ஒரே தடவையில் ஒழிக்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம், பைரித்ராய்டுக்குப் பழகிப்போன மூட்டைப்பூச்சிகள் இன்று எங்கும் இருக்கின்றன, முட்டைகளும் தப்பிவிடும். அறையையே 50 டிகிரிக்குமேல் சூடாக்கும் முறை முட்டையையும் கொல்லும், ஆனால் சூடு மூலைமுடுக்கெல்லாம் எட்ட வேண்டும். கரையான் என்றால் மண்ணிலும் சுவர் அடியிலும் துளையிட்டு மருந்து இறக்குவாரா, மேலே தெரிகிற புற்றை மட்டும் தட்டிவிட்டுப் போவாரா என்று பாருங்கள். வாரண்டி என்பது திரும்ப மருந்து வைப்பதற்கு மட்டுமா, அரித்த மரத்துக்கும் சேர்த்தா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எலிக்கு விஷம் மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர் பாதி வேலைதான் செய்கிறார். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும், அதை அடைக்காமல் என்ன வைத்து என்ன? ரத்தம் உறையாமல் செய்கிற விஷத்தைத் தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும், அதுவும் நம் கைக்கு எட்டாத இடத்தில்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தானியக் கிடங்குக்கானது. ஈரக்காற்று பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும், அதற்கு மாற்று மருந்து கிடையாது, பக்கத்து அறையில் தூங்குகிறவரைக்கூடக் கொன்றுவிடும். எலிக்கோ மூட்டைப்பூச்சிக்கோ அதை வீட்டுக்குள் வைக்கிறேன் என்று எவராவது சொன்னால், எவ்வளவு மலிவாகச் செய்தாலும் சரி, வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். பல நாடுகளில் இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். பூச்சி ஒழிப்பு விளம்பரம் கொடுக்க வருகிறவரிடம் உரிம எண்ணையும் கேட்டு வாங்கி, போன் நம்பருக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
மீன் தொட்டியைக் காலியாக வைத்திருக்கும் ஒரு வாசகன்