மழைக்கு முன் உரக் குவியலின் சூட்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் போதும், குப்பையை மக்கவைத்து உரமாக்கும் நகராட்சி மையங்களுக்கு அருகில் குடியிருப்போர் நாற்றம் தாங்காமல் மனு கொடுப்பார்கள். மறுநாளே பிளீச்சிங் பவுடர் தூவப்படும். இது ஆண்டுதோறும் நடக்கிறது. முறையாக மக்கும் குவியலில் ஈரமண் வாசம்தான் வரும். அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே காற்று போகவில்லை. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சி வீணாகிறது. பிளீச்சிங் பவுடர் இந்த இரண்டையும் சரிசெய்யாது. குப்பையை மக்கவைக்கும் நுண்ணுயிர்களைத்தான் அது கொல்லும்.

கோளாறு பெரும்பாலும் கொட்டும் நாளிலேயே ஆரம்பித்துவிடுகிறது. சந்தையிலிருந்து வரும் கோஸ் இலை, தக்காளி, வாழைத்தண்டு இவற்றின் எடையில் 90 சதவீதமும் அதற்கு மேலும் தண்ணீர். மக்குவதற்குத் தேவையான ஈரம் 50 முதல் 60 சதவீதம்தான். அரைத்ததை அப்படியே தொட்டியில் நிரப்பினால் இரண்டே நாளில் களியாக அமுங்கிவிடும். இரண்டு கூடை பச்சைக் கழிவுக்கு ஒரு கூடையாவது காய்ந்த பொருள் சேர வேண்டும். மழைக்காலத்தில் சரிக்குச் சரி. தென்னை நார்க்கழிவு ஈரத்தை உறிஞ்சும், ஆனால் காற்றுக்கு வழிவிடாது. அதனால் விரல் நீளத்துக்கு நறுக்கிய குச்சிகளும் கலக்க வேண்டும். மாசி, பங்குனியில் தெருவோரம் கொளுத்தப்படும் சருகு அத்தனையும் இந்த வேலைக்கு உதவும். அதை மூட்டை கட்டிக் கூரைக்கடியில் அடுக்கி வைத்தால் ஐப்பசியில் கை கொடுக்கும். சருகை எரித்துவிட்டு, மழையில் காய்ந்த பொருளுக்கு அலைவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

ஈரம் பார்க்கக் கருவி வேண்டாம். குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும். ஒழுகினால் காய்ந்தது சேருங்கள். பிடியைத் தளர்த்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

நுண்ணுயிர்கள் மக்கவைக்கும்போது குவியலில் ஏறும் சூட்டை அளக்கக் கருவி கட்டாயம் வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பி வெப்பமானி போதும். குவியலின் இரு முனைகளிலும் நடுவிலும் தினமும் ஒரே நேரத்தில், இரண்டடி ஆழத்துக்குக் குத்திப் பார்க்க வேண்டும். மேலாக அரை அடி குத்தி எழுதும் அளவு வெயிலின் சூட்டைத்தான் காட்டும். நீள வரிசைக் குவியலில் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்டல். இது கழிவுநீர்ச் சகதியை உரமாக்கும்போது நோய்க்கிருமிகளை ஒழிப்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அளவுகோல். நம் குப்பையில் டயபரும் இறைச்சிக் கழிவும் கலந்து வருவதால் நமக்கும் அது பொருந்தும். புரட்டும்போது வெளிப்புறம் உள்ளே போக வேண்டும். வெளித்தோல் எப்போதும் குளிர்ந்தே இருக்கும், கிருமி அங்கேதான் தப்பிக்கும். 65 டிகிரியைத் தாண்டினால் தேதி பார்க்காமல் புரட்டிவிட வேண்டும். 70-க்கு மேல் போனால் நல்ல நுண்ணுயிர்களும் மடியும்.

அதிகம் ஏமாற்றுவது சூடு இறங்கும் கட்டம். சூடு குறைந்ததும் உரம் தயார் என்று சலிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஈரம் மிஞ்சி மூச்சுத் திணறினாலும் சூடு இறங்கும். காய்ந்து 40 சதவீதத்துக்குக் கீழே போனாலும் இறங்கும். முதலில் ஈரத்தைச் சரிசெய்து ஒருமுறை புரட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடி சூடேறினால் வேலை முடியவில்லை. ஏறாவிட்டால்தான் முதிர்வதற்கு மூன்று நான்கு வாரம் ஒதுக்கி வைக்கலாம். சந்தேகமிருந்தால், ஈர உரத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி ஒரு வாரம் கழித்துப் பிரியுங்கள்; நாறினால் அது இன்னும் முழுதாக மக்காத உரம். அதை வயலில் போட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகும். ஒருமுறை அப்படி அடிபட்ட விவசாயி இலவசமாகக் கொடுத்தாலும் திரும்ப வாங்க மாட்டார்.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. காலையில் புதுக் குப்பை அள்ளிய ஜேசிபியின் வாளியால் மாலையில் சலித்த உரத்தையும் அள்ளுகிறார்கள். 15 நாள் சூட்டில் ஒழித்த கிருமி ஐந்து நிமிடத்தில் திரும்ப ஏறிவிடும். தரையில் வடியும் கசிவுநீரை மீண்டும் தெளிப்பதிலும் இதே ஆபத்து. புதுக் குவியலுக்கு மட்டும் ஊற்றலாம், சூட்டுக் கட்டம் முடிந்ததற்குக் கூடாது.

மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர்ப்புற உரத்தில் ஈரம் 15 முதல் 25 சதவீதம் இருக்க வேண்டும். 90 சதவீதமாவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈரம் கூடினால் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும். பேட்டரி கலந்த குப்பையை அரவையில் விட்டால் ஈயத்தைப் பிறகு எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. எனவே அரைப்பதற்கு முன்பே கையால் தரம் பிரிப்பதை விட்டுவிடக் கூடாது.

ஒவ்வொரு உர மையத்தின் வாசலிலும், மழை தொடங்குவதற்குள், ஒரு கரும்பலகை வைக்க உள்ளாட்சி நிர்வாகங்கள் உத்தரவிட வேண்டும். குவியல் எண், கொட்டிய தேதி, அன்றைய மூன்று சூட்டளவுகள், கடைசியாகப் புரட்டிய நாள் இவை மட்டும் போதும். புதுக் குவியல் ஒன்று ஐந்தாம் நாளிலும் 40 டிகிரியிலேயே நின்றால், நாற்றம் தெருவுக்கு வருமுன் மேற்பார்வையாளரும் அறிவார், தெருக்காரர்களும் அறிவார்கள். அன்றே அந்தக் குவியலைப் பிரித்து, சருகும் குச்சியும் கலந்து, மறுபடி கட்டிவிடலாம்.

– திடக்கழிவு உரமாக்கல் பொறியாளர்கள், திருச்சி