பாமினியில் தட்டினால் பத்து விழுக்காடு தாண்டாது

தமிழகப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் ஆய்வுப் பிரிவு இயக்குநர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு கல்லூரி நூலகர். முனைவர் பட்ட ஆய்வேடுகளை, அடுத்தவர் எழுத்தைப் படியெடுத்திருக்கிறார்களா என்று மென்பொருளில் பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு ஏற்றி, அறிக்கையை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தருவது எங்கள் மேசையில் நடக்கிற வேலை. தமிழ்த்துறை ஆய்வேடுகள் வரும்போது அந்தச் சோதனை என்ன ஆகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதையும் தாண்டினால் பதிவே ரத்து. விதியில் எனக்குக் குறையில்லை. அதை அளக்கிற இடத்தில்தான் ஓட்டை.

ஆய்வேடு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வருகிறது என்று வையுங்கள். திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். ஆனால் அடியில் கணினி வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒப்புமை மென்பொருள் வேடத்தைப் பார்ப்பதில்லை, அரைப்புள்ளியைத்தான் பார்க்கிறது. இணையத்தில் ஒருங்குறியில் (யூனிகோடு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இருக்கிற எந்தத் தமிழ்ப் பக்கத்தோடும் அது பொருந்தாது. ஒன்றோ இரண்டோ விழுக்காடு என்று அறிக்கை வரும். அடுத்தவர் நூலை அட்டை முதல் அட்டை வரை தட்டச்சு செய்து கொடுத்திருந்தாலும் அதே ஒன்றோ இரண்டோதான். நெறியாளர் முதுகில் தட்டிக்கொடுப்பார்.

இப்போது இன்னொரு மாணவி. தன் மடிக்கணினியில் தானே ஒருங்குறியில் அடித்தவர். அவருடைய அறிக்கையில் தமிழ் இணையக் கல்விக்கழகம், விக்கிப்பீடியா, மதுரைத் திட்டம் என்று வண்ணம் வண்ணமாகக் கோடு விழுகிறது. பாதிக்கு மேல் மூலப்பாடல்கள். மேற்கோளையும் துணைநூற் பட்டியலையும் தொடர்ந்து வரும் 14 சொற்கள் வரையிலான பொருத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. குறளுக்கு ஏழே சீர், தப்பித்துக்கொள்ளும். குறுந்தொகையின் மிகச் சிறிய பாட்டுக்கே நான்கடி, பதினைந்து சீர். மேற்கோள் குறி ஓரிடத்தில் விட்டுப்போனால் சங்கப் புலவரிடம் திருடிய பழி வந்துவிடும். (திருக்குறள் ஆய்வு பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று சில சமயம் நினைப்பதுண்டு.) ஒழுங்காக அடித்தவருக்கு 18 விழுக்காடு, திருத்தம், அலைச்சல். அடுத்த ஆண்டு அவருடைய இளையவர்கள் என்ன எழுத்துருவில் கொண்டுவருவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தட்டச்சு மையக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர் அவர். கை பழகியது பழைய விசைப்பலகை, கணினியில் இருப்பது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அதில் ஒருங்குறித் தமிழ் ஓடாது. உங்கள் நெறிமுறைகளில் எழுத்தளவு, வரி இடைவெளி, இடது ஓரம், அட்டையின் நிறம் எல்லாம் இருக்கின்றன. எந்தக் குறியாக்கம் (ஒருங்குறியா, பாமினி போன்றதா) என்ற ஒரு வரியை நான் பார்த்த நெறிமுறைகளில் காணோம். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல்.

அப்புறம், சோதனையோடு இது முடிவதில்லை. ஆய்வேடு சோத்கங்கா என்ற தேசிய ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்துக்குப் போகிறது. 2009 முதல் மின்படி தருவது கட்டாயம். வாரிக் கொடுக்க வேண்டிய இந்தக் களஞ்சியத்தில் நாம் ஏற்றுவது பாமினிக் கோப்பும், சாய்வாக ஒளிவருடிய பக்கங்களும். உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. தலைப்பையாவது தேடலாம் என்றால், ஆங்கில எழுத்தில் சிலப்பதிகாரத்தை 'எஸ்' போட்டு ஏற்றியவர் ஒருவர், 'சி' போட்டு ஏற்றியவர் இன்னொருவர், நடுவில் ஒரு 'எச்' சேர்த்தவர் மூன்றாமவர். இந்த நிலையில் ஒரே தலைப்பில் இரண்டு ஊர்களில் இரண்டு பேர் பட்டம் வாங்குவதில் என்ன வியப்பு? பின்னால் வந்தவர் முன்னவரைப் படித்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்து, உலகத்து ஆய்விதழ்கள் ஆயிரக்கணக்கில் திறந்திருக்கின்றன. நல்லதுதான். தமிழ் ஆய்வாளருக்கோ பக்கத்து மாவட்டத்து ஆய்வேடு இன்னும் பூட்டியே கிடக்கிறது.

இதற்கு நடுவில், ஆய்வேட்டில் செயற்கை நுண்ணறிவு எழுதியது எத்தனை விழுக்காடு என்ற எண்ணும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அதைக் கண்டறியும் தன்னுடைய கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் அது இன்னும் மோசம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஓர் எண்ணை வைத்து ஒரு தமிழ் ஆய்வாளரின் ஐந்தாண்டு உழைப்பை நிறுத்திவைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் வாய்மொழித் தேர்வில் அவருடைய குறிப்பேட்டையும் கள ஒலிப்பதிவையும் கேளுங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கேட்பது பெரிய செலவில்லை. அடுத்த கல்வியாண்டிலிருந்து ஒருங்குறியில் இல்லாத ஆய்வேட்டை வாங்காதீர்கள். சோதிப்பதும் எளிது: கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் தமிழாக வர வேண்டும். ஒப்புமை அறிக்கை வந்தபின் விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், கோடு விழுந்த இடங்களைத் துறையில் ஒருவர் படித்து ஒப்பமிடட்டும். சோத்கங்காவில் தலைப்பைத் தமிழ் எழுத்திலும் சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே கிடக்கும் பாமினிக் கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. பிழை திருத்தத்தான் ஆள் வேண்டும். அதற்கு நூலகங்களுக்கு ஓர் உதவித்தொகைப் பணியிடம் ஒதுக்கினால், எங்கள் கல்லூரியிலிருந்து போன ஆய்வேடுகளை நாங்களே முதலில் மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி நூலகர்