வியன்டியானில் கிடைக்காத மதியம்: அண்ணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். விடுமுறையில் நீங்களும் அண்ணனும் குழந்தைகளையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு லாவோஸ், தாய்லாந்து செல்லவிருப்பதாக எழுதியிருந்தீர்கள். லுவாங் பிரபாங்கிலிருந்து பாங்காக்கிற்குப் புறப்படும் நாளில், லாவோஸ் தலைநகர் வியன்டியானில் கிடைக்கும் மதியப் பொழுதில் தாட் லுவாங் கோபுரத்தையும் பாதுசாய் வளைவையும் பார்த்துவிட முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதே வழியில் பிள்ளைகளோடு போய் வந்தவள் என்பதால் சொல்கிறேன், முடியாது என்பதுதான் என் பதில். குழந்தைகளோடு அதே வழியில் போக நினைக்கும் வேறு சிலரும் இதையே கேட்டிருப்பதால், உங்களுக்கு எழுதும் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

காகிதத்தில் உங்கள் கணக்குச் சரியாகவே இருக்கிறது. 2021 டிசம்பரில் லாவோஸ்–சீன ரயில் பாதை திறக்கப்படும் வரை, லுவாங் பிரபாங்கிலிருந்து வியன்டியானுக்கு மலைச்சாலையில் பகல் முழுவதும் பேருந்தில் குலுங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இப்போது மணிக்கு 160 கிலோமீட்டர் வரை வேகமெடுக்கும் ரயில் அதே தொலைவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. காலையில் ஏறினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம், பாங்காக் செல்லும் இரவு ரயிலோ மாலை ஆறு மணிக்கு மேல்தான், ஆகவே நடுவில் ஐந்தாறு மணி நேரம் சும்மா கிடக்கிறது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கால அட்டவணையில் இருப்பது ரயில் ஓடும் நேரம் மட்டுமே. ஒரு குடும்பம் பைகளை முதுகில் ஏற்றி இறக்குவதற்கும், ஆட்களை எண்ணிப் பார்ப்பதற்கும், கழிப்பறை தேடுவதற்கும், யாராவது ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்து முடிக்கும் வரை மற்ற எல்லோரும் வெயிலில் நிற்பதற்கும் ஆகும் நேரத்தை எந்த அட்டவணையும் போடுவதில்லை.

முதலில், அந்த ரயில் பாதையின் நிலையங்கள் ஊர்களுக்குள் இல்லை. லுவாங் பிரபாங் நிலையம் பழைய நகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிறது. அங்கே போகும் வேன் விடுதி விடுதியாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் நகரும். நிலையத்தில் விமான நிலையத்தைப் போலவே பைகளைக் கருவியில் விட்டுச் சோதிக்கிறார்கள், பாஸ்போர்ட்டையும் பயணச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கத்தியும் அழுத்தக் குப்பிகளும் உள்ளே போகாது. அம்மா பழம் நறுக்கக் கைப்பையில் வைத்திருக்கும் சிறு கத்தியை ஊரிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்; கொசுவிரட்டியை ஸ்ப்ரேயாக வாங்காமல் களிம்பாக வாங்குங்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தின் ஸ்ப்ரே அங்கேயே தங்கிவிட்டது. பயணச்சீட்டில் பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் வீட்டில் ஒருவருக்கு இனிஷியல், ஒருவருக்கு அப்பா பெயர், ஒருவருக்குக் கணவர் பெயர் என்று பதிவாகியிருப்பதால், முன்பதிவு செய்யும்போது ஒவ்வொன்றையும் அண்ணனிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

ரயிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுத்தமானது, நேரத்துக்குக் கிளம்பியது, பாதையில் ஏறக்குறைய பாதி சுரங்கங்களுக்குள் போவதால் சன்னலோர இருக்கைக்காகப் பிள்ளைகள் போட்ட சண்டை சீக்கிரமே ஓய்ந்தது. வாங் வியெங் அருகே சுண்ணாம்புக் குன்றுகள் தெரியும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் அம்மாவை எழுப்பி விடுங்கள்.

மதியம் கரைவது வியன்டியானில்தான். சீன ரயில் வந்து நிற்கும் நிலையம் நகரின் நடுப்பகுதியிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. பாங்காக் ரயில் புறப்படும் கம்சவத் நிலையம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரு பாதையின் ரயில் மற்றொரு பாதையில் ஓட முடியாததற்குக் காரணம் உண்டு. சீனர்கள் போட்ட பாதையின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். தாய்லாந்தின் பாதை மீட்டர் கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர். எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் தெற்கே போய் வந்த நாள்களை நினைவில் வைத்திருக்கும் அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது.

ஆகவே ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொரு நிலையத்துக்குப் போக வேண்டும். வெளியே வேன்களும் டுக்டுக்குகளும் நிற்கும். ஆனால் பகிர்ந்து செல்லும் வேன், இருக்கைகள் நிரம்பும் வரை அசையாது. நாங்கள் ஏறிய வேன் கடைசி இரண்டு பேருக்காகக் காத்திருந்த நேரத்தில் சின்னவளுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது, அவளை நான் அழைத்துப் போன நேரத்தில் அந்த இரண்டு பேரும் வந்துவிட்டார்கள், நாங்கள் திரும்பி ஓடி வந்தபோது வேன் முழுவதும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. தனி வண்டி அமர்த்திக்கொள்வதில் அன்று கஞ்சத்தனம் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மிச்சம் பிடிக்க வேறு நாள்கள் இருக்கின்றன.

அடுத்தது சாப்பாடு. மீன் சாறு சேராத உணவை அவசரத்தில் தேடுவது அம்மாவுக்கு ஒத்து வராது. காலையிலேயே லுவாங் பிரபாங் சந்தையில் பசையரிசிச் சோறும், வாழையிலையில் பொதிந்து வேகவைத்த வாழைப்பழப் பசையரிசியும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு போல இருக்கும், மாலை வரை கெடாது. கையில் மிஞ்சியிருக்கும் லாவோஸ் பணமான கிப் நோட்டுகளைத் தண்ணீருக்கும் பிஸ்கட்டுக்கும் செலவழித்துத் தீர்த்துவிடுங்கள், ஏனென்றால் லாவோஸுக்கு வெளியே அவற்றை மாற்றுவது கடினம். இத்தனையும் முடிந்து கம்சவத்தில் பைகளை இறக்கி வைக்கும்போது மணி என்ன என்று பார்த்தால், நீங்கள் தாட் லுவாங்கிற்கென்று ஒதுக்கி வைத்திருந்த நேரம் எங்கே போனது என்பது புரியும்.

அதன் பிறகு எல்லை. 2024 ஜூலையிலிருந்து கம்சவத்திலிருந்தே பாங்காக்கிற்கு நேரடி ரயில் ஓடுகிறது என்றாலும், குடிநுழைவுச் சோதனை இரண்டு முறை உண்டு: லாவோஸை விட்டு வெளியேறும் முத்திரை கம்சவத்தில், தாய்லாந்துக்குள் நுழையும் முத்திரை மெக்கோங் ஆற்றுக்கு அப்பால் நோங் காயில். 1994இல் திறக்கப்பட்ட நட்புப் பாலத்தின் சாலை நடுவிலேயே தண்டவாளம் கிடக்கிறது. ரயில் மெக்கோங்கைக் கடக்கும்போது மற்ற வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நீரைப் பார்த்து முடிப்பதற்குள் நோங் காய் வந்துவிடும். அங்கே எல்லாப் பைகளோடும் எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும் என்பதால், அதுவரை பிள்ளைகளைத் தூங்க விடாதீர்கள். வரிசையில் அண்ணன் முதலிலும் நீங்கள் கடைசியிலும் நின்று, பிள்ளைகளும் அம்மாவும் நடுவில் வரும்படி செய்யுங்கள். அப்போதுதான் தடுப்பின் இரண்டு பக்கமும் எந்நேரமும் ஒரு பெரியவர் இருப்பார். தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டையை 2025 மே மாதத்திலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் அதை நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம்.

நோங் காயில் மீண்டும் ஏறிய பிறகுதான் அன்றைய நாள் மூச்சு விடும். பணியாளர் வந்து இருக்கைகளைப் படுக்கையாக மாற்றி விரிப்புப் போட்டுத் தருவார். குளிர்சாதனம் தாராளமாக ஓடும், ஆகவே அம்மாவின் சால்வை பையின் மேற்புறத்தில் இருக்கட்டும். கீழ் பெர்த் அகலமானது, சற்று விலை கூடியது. மேல் பெர்த்துக்குச் செங்குத்தான ஏணியில் ஏற வேண்டும், அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகவே ஆகாது. ரயில் காலையில் நிற்பது பழைய ஹுவா லம்போங் நிலையத்தில் அல்ல, 2023 ஜனவரியிலிருந்து தொலைதூர ரயில்கள் வந்து சேரும் குருங் தேப் அபிவத் நிலையத்தில். அங்கிருந்தே மெட்ரோ இருக்கிறது.

தாட் லுவாங்கைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செத்தாதிராத் மன்னர் 1566இல் எழுப்பிய அந்தப் பொன்னிறக் கோபுரத்தை, முதுகில் பையோடும் கடிகாரத்தில் கண்ணோடும் பார்ப்பதுதான் வேண்டாம் என்கிறேன். லுவாங் பிரபாங்கில் ஓர் இரவைக் குறைத்து வியன்டியானில் தங்குங்கள். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மதியம் விடுதி அறையிலேயே எல்லோரும் படுத்து எழுந்து, மாலை ரயிலுக்குப் போங்கள். தேதிகளை முடிவு செய்யும்போது விமானத்திலிருந்து தொடங்காமல் இரவு ரயிலிலிருந்து தொடங்குங்கள்: அம்மாவுக்குக் கீழ் பெர்த் எந்த நாளில் கிடைக்கிறதோ அந்த நாளை முதலில் பிடித்துக்கொண்டு, மற்ற ஊர்களை அதற்கு முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லி அண்ணனிடம் கூறுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்